குளோன் செய்த பிறகு கொம்பியூட்டர் மந்தமா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததை அப்படியே புது எஸ்எஸ்டிக்கு (சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) மாற்றினால் கொம்பியூட்டர் பறக்கும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்க்கிறோம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் டிஸ்க்கை வாங்கி, குளோனும் செய்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தால் அதே பழைய வேகம். சிலருக்கு அதைவிட மோசம். உடனே "டிஸ்க் போலி", "கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று பேச்சு தொடங்கிவிடுகிறது. பெரும்பாலான நேரங்களில் புது டிஸ்க்கில் ஒரு குற்றமும் இருப்பதில்லை. குளோன் என்பது உள்ளதை உள்ளபடி படியெடுப்பது. பழைய டிஸ்க்குக்கு ஏற்றபடி விண்டோஸ் வைத்திருந்த செட்டிங், சிதைந்துபோன கோப்பு, தேவையில்லாமல் ஓடும் புரோகிராம் எல்லாம் ஒன்றுவிடாமல் கூடவே வந்துவிடும்.

அதனால் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதற்கு முன்னால், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: மந்தம் எப்போது வருகிறது? ஓன் ஆகும்போதா, ஓன் ஆன பிறகா, எப்போதுமா, பெரிய கோப்பைப் பிரதி செய்யும்போதா, பகல் வெக்கையிலா? பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ளவற்றில் உங்கள் நிலைமைக்குப் பொருந்துவதை மட்டும் வாசித்தால் போதும். முதலாவதை மட்டும் எல்லாரும் பார்த்துவிடுங்கள்.

தொடங்குமுன் இரண்டு விஷயம். பழைய டிஸ்க்கை இப்போதைக்கு அழிக்க வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். அடுத்தது, உங்கள் விண்டோஸில் டிஸ்க்கை மறைகுறியாக்கிப் பாதுகாக்கும் பிட்லொக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஓனில் இருக்கிறதா என்று பார்த்து, அதன் ரிகவரி கீயை எழுதி வையுங்கள். பயோஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஏதாவது மாற்றினால் அடுத்த முறை அந்தக் கீயைக் கேட்கக்கூடும். மைக்ரோசொஃப்ட் கணக்கோடு லொகின் செய்பவர்களுக்கு அது பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும்.

"ஒரு மாற்றமும் இல்லை, முன்பு இருந்த அதே மந்தம்"

இதுதான் அதிகம் கேட்கும் முறைப்பாடு. இதற்கு அதிகம் கிடைக்கும் விடையும் எளிமையானது: கொம்பியூட்டர் இன்னும் பழைய டிஸ்க்கில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

டெஸ்க்டொப்பில் இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாகப் பூட்டிவிட்டு ஓன் செய்தால் பயோஸ் தன் பழைய வரிசைப்படி பழைய டிஸ்க்கிடமே போகும். குளோன் என்பதால் வோல்பேப்பர், ஐகன், கோப்பு எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். பார்த்தவுடன் வித்தியாசம் தெரியாது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதிக்குப் போங்கள். இடது பக்கம் ஒவ்வொரு டிஸ்க்கும் வரிசையாக இருக்கும். எந்த டிஸ்க்கின் பக்கத்தில் சி என்று இருக்கிறது, அதன் கீழே எஸ்எஸ்டி என்று போட்டிருக்கிறதா, எச்டிடி (ஹார்ட் டிஸ்க்) என்றா என்று பாருங்கள். எச்டிடி என்றால் விடை கிடைத்துவிட்டது.

அடுத்து ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மன்டைத் திறவுங்கள். பார்ட்டிஷன்களின் (டிஸ்க்கைப் பிரித்த பகுதிகளின்) பெட்டிக்குள் சின்ன எழுத்தில் பூட் என்றும் சிஸ்டம் என்றும் இரண்டு சொற்கள் இருக்கும். பூட் என்று இருப்பது விண்டோஸ் ஓடும் இடம். சிஸ்டம் என்று இருப்பது விண்டோஸைத் தொடக்கிவிடும் சின்னக் கோப்புகள் இருக்கும் இடம். இரண்டும் புது டிஸ்க்கில் இருக்க வேண்டும். பூட் புதியதிலும் சிஸ்டம் பழையதிலும் இருந்தால் உங்கள் கொம்பியூட்டர் ஒவ்வொரு நாளும் பழைய டிஸ்க்கைத் தட்டி எழுப்பித்தான் ஓன் ஆகிறது. அந்தப் பழைய டிஸ்க் செத்த அன்று புதியதும் ஓன் ஆகாது.

இதே இடத்தில் இரண்டில் ஒரு டிஸ்க் ஓஃப்லைன் என்று காட்டுவதும் உண்டு. குளோன் செய்ததால் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் வந்திருக்கும், அதனால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை.

சரிசெய்யும் முறை இது. கொம்பியூட்டரை முழுதாக ஓஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, பழைய டிஸ்க்கின் கேபிளை அகற்றுங்கள். புது டிஸ்க் மட்டும் இருக்கும் நிலையில் ஓன் செய்யுங்கள். விண்டோஸ் வந்தால் நல்லது. பயோஸில் பூட் வரிசையில் புது டிஸ்க்கையோ, அதன் பெயரோடு வரும் விண்டோஸ் பூட் மேனேஜரையோ முதலிடத்தில் வையுங்கள். விண்டோஸ் வராவிட்டால், பெரும்பாலும் குளோன் செய்தபோது சி பார்ட்டிஷனை மட்டும் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். புதிய கொம்பியூட்டர்களில் சி டிரைவுக்கு முன்னால், அந்தத் தொடக்கக் கோப்புகளை வைத்திருக்கும் இஎஃப்ஐ என்ற சின்னப் பார்ட்டிஷன் ஒன்று இருக்கும், பெரும்பாலும் 100 எம்பி அளவில். அதையும் சேர்த்து முழு டிஸ்க்கையும் மறுபடி குளோன் செய்ய வேண்டும்.

மறுபடி குளோன் செய்யப் போகிறவர்கள் மென்பொருளைப் பற்றிக் கேட்பார்கள். பலரும் பாவித்த மக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற குளோன் மென்பொருளின் இலவசப் பதிப்பு இப்போது இல்லை. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 ஜனவரியோடு நின்றுவிட்டன. குளோன்சில்லா இலவசம், நம்பகமானது, ஆனால் திரையில் வரும் ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாக வாசித்துப் பதில் சொல்ல வேண்டும்; எது மூலம், எது இலக்கு என்று மாறிப் போட்டால் எல்லாம் போய்விடும். பல எஸ்எஸ்டி நிறுவனங்கள் தங்கள் டிஸ்க்கோடு பாவிக்க ஒரு குளோன் மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. பழக்கமில்லாதவர்களுக்கு அதுதான் என் முதல் பரிந்துரை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இத்தனை நாளும் பழைய டிஸ்க்கில்தான் வேலை செய்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால், கடைசியாகச் சேமித்த கோப்புகளும் அதில்தான் இருக்கும். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில் கொம்பியூட்டரில் இதை நேரில் பார்த்தேன். "எஸ்எஸ்டி போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை, அண்ணை" என்றார் கணக்குப் பார்க்கும் தம்பி. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஓன் செய்தோம். வேகம் வந்துவிட்டது, ஆனால் குளோன் செய்த நாளுக்குப் பிறகு போட்ட பில் ஒன்றும் இல்லை. தம்பியின் முகம் வெளிறிவிட்டது. பழையதை அழிக்காமல் வைத்திருந்ததால் திரும்பவும் ஒரு முறை குளோன் எடுத்து எல்லாவற்றையும் மீட்டோம். அதனால் புது டிஸ்க்கில் ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாகக் கடைசிக் கோப்பின் திகதியைப் பாருங்கள்.

"விண்டோஸ் வந்த பிறகு நல்ல வேகம், ஓன் ஆகத்தான் நேரம் எடுக்கிறது"

ஓன் ஆகும் நேரம் இரண்டு பகுதி. கம்பனி லோகோ நிற்பது பயோஸின் நேரம், பொட்டுகள் சுற்றுவது விண்டோஸின் நேரம். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியின் மேல் மூலையில் லாஸ்ட் பயோஸ் டைம் என்று விநாடிக் கணக்கு ஒன்று வரும். அது 20, 30 என்று இருந்தால் விண்டோஸை நோண்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. பயோஸ் எதற்காகவோ காத்திருக்கிறது: பதில் சொல்லாத பழைய டிஸ்க், பென் டிரைவ், அல்லது பூட் வரிசையில் முதலாவதாக இருக்கும் நெட்வேர்க். தேவையில்லாதவற்றைக் கழற்றி, வரிசையைத் திருத்துங்கள்.

பயோஸ் நேரம் குறைவு, பொட்டுகள்தான் சுற்றிக்கொண்டே இருக்கின்றன என்றால், பவர் ஒப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஒரு முறை ஓஃப் செய்து, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். இந்த வசதி, கொம்பியூட்டர் ஓஃப் ஆகும்போது விண்டோஸின் நிலையைக் கோப்பாக எழுதி வைத்து, அடுத்த முறை அதையே வாசிக்கிறது. குளோனோடு வந்த பழைய நிலை புது டிஸ்க்கோடு ஒத்துவராமல் போகலாம். சரியானதும் திரும்ப ஓன் செய்துகொள்ளலாம். அப்புறம் அதே ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள். இரண்டு அன்டிவைரஸ் ஒன்றாக ஓடும் கொம்பியூட்டர்கள் கொழும்பில் நிறைய இருக்கின்றன.

"டிஸ்க் 100 வீதம் என்று காட்டுகிறது, ஆனால் ஒன்றும் நகரவில்லை"

இந்த அறிகுறிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். காரணங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

டாஸ்க் மேனேஜரில் அந்த டிஸ்க்கைக் கிளிக் செய்து மூன்று எண்களைப் பாருங்கள்: அக்டிவ் டைம், வாசிக்கும் எழுதும் வேகம், அவரேஜ் ரெஸ்பொன்ஸ் டைம். 100 வீதத்தோடு விநாடிக்கு 300, 400 எம்பி ஓடினால் டிஸ்க் உண்மையிலேயே வேலை செய்கிறது. எந்தப் புரோகிராம் என்று புரொசஸ் பகுதியில் தேடினால் போதும். 100 வீதம் இருந்தும் 1, 2 எம்பிதான் ஓடுகிறது, ரெஸ்பொன்ஸ் நேரம் நூற்றுக்கணக்கான மில்லிவிநாடிக்குப் போகிறது என்றால் பழுது இருக்கிறது. ஆரோக்கியமான எஸ்எஸ்டியில் அந்த எண் சாதாரண பாவனையில் சில மில்லிவிநாடியைத் தாண்டாது.

முதலில் கேபிள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்புகளை அது வாசித்துக் காட்டும். சாட்டா (வழக்கமான ஹார்ட் டிஸ்க் பூட்டும் அதே போர்ட்) வகை டிஸ்க்குகளில் சி7 என்ற வரியைத் தேடுங்கள். சிஆர்சி பிழைக் கணக்கு அது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையில் தகவல் சிதைந்து, திரும்ப அனுப்ப வேண்டி வந்த தடவைகளின் எண்ணிக்கை. மெரின் டிரைவ் பக்கம் ஒரு மாடி வீட்டில் டியூஷன் எடுக்கும் ஆசிரியை ஒருவரின் டெஸ்க்டொப்பில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு பெரிய வீடியோவைப் பிரதி செய்தேன். திரும்பப் பார்த்தபோது எண் ஏறியிருந்தது. இன்னொரு கோப்பு, இன்னும் ஏறியது. கேபிளைக் கழற்றினால் தொடுமுனைகள் மங்கிக் கறுத்திருந்தன. கடற்காற்று நேரே அடிக்கும் வீடுகளில் உப்பும் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை இது. புதுக் கேபிள் ஒன்று போட்டு, டிஸ்க்கின் முனையை ஐசோபுரோபைல் அல்கஹோலால் துடைத்ததோடு மந்தம் நின்றது. அந்தப் பழைய எண் பூச்சியத்துக்குத் திரும்பாது, அது வாழ்நாள் கணக்கு. மேலும் ஏறாமல் நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டெஸ்க்டொப்பில் டிஸ்க்கை மாற்றும்போது பழைய கேபிளையே பூட்டுவதுதான் வழக்கம். புது டிஸ்க்குக்குப் புதுக் கேபிள் போடுங்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்வேன். விலை பெரிதில்லை.

அதே மென்பொருளில் டிரான்ஸ்ஃபர் மோட் என்ற வரி இருக்கிறது. சாட்டா 300, சாட்டா 600 என்று நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு எண் வரும். இடது பக்கம் இப்போது ஓடும் வேகம், வலது பக்கம் டிஸ்க்கால் முடிந்த வேகம். 600 ஓடக்கூடிய டிஸ்க் 150 இல் ஓடினால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். பழைய மதர்போர்டுகளில் சில போர்ட் மட்டும் வேகமானவை. பக்கத்தில் 6ஜி என்று அச்சிட்டிருக்கும். லெப்டொப்பில் டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கெடி என்ற சட்டத்தை வைத்து எஸ்எஸ்டியைப் பூட்டுகிறார்களே, அந்தப் போர்ட் சில மொடல்களில் மெதுவானது. எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலும், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கெடியிலும் மாற்றிப் போடுங்கள். அதே சமயம் மதர்போர்டே பழையதாக இருந்து 300 இல் ஓடினால் கவலைப்பட வேண்டாம். அன்றாட வேலையில் 300 க்கும் 600 க்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கை மந்தமாக்குவது சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி ஓடும் வேலை. அதில் எஸ்எஸ்டி எந்தப் போர்ட்டிலும் பல மடங்கு முன்னால் நிற்கும்.

கேபிள் சரி என்றால் அடுத்தது பயோஸில் சாட்டா மோட். டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர் என்ற பகுதியைத் திறந்தால் ஏஎச்சிஐ (டிஸ்க்கோடு பேசும் புதிய முறை) என்ற எழுத்துகள் உள்ள ஒரு வரி இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் வெறும் ஐடிஇ சனல்கள் மட்டும் இருந்தால் பயோஸ் பழைய முறையில் நிற்கிறது. இந்த முறையில் டிஸ்க்குக்கு ஒரே நேரத்தில் பல கட்டளைகளை வரிசைப்படுத்தி அனுப்ப முடியாது. ஆனால் பயோஸில் போய் நேரடியாக மாற்றினால் நீலத் திரை வந்து விண்டோஸ் நின்றுவிடும். முதலில் சிஸ்டம் கொன்ஃபிகரேஷனில் பூட் பகுதிக்குப் போய் சேஃப் பூட்டைத் தெரிவு செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த ரீஸ்டார்ட்டிலேயே பயோஸுக்குள் போய் ஏஎச்சிஐ என்று மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் வந்து புதிய டிரைவரை ஏற்றிக்கொள்ளும். பிறகு சேஃப் பூட்டை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். பயோஸில் அந்த இடத்தில் ஏற்கெனவே ரெய்ட் என்று இருந்தால் கைவைக்க வேண்டாம். பல புதிய லெப்டொப்கள் அப்படித்தான் வருகின்றன.

மூன்றாவது, பார்ட்டிஷன் தொடங்கும் இடம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பிரித்த டிஸ்க்கிலிருந்து வந்த குளோன்களில் இன்னும் இதைக் காணலாம். அப்போது முதல் பார்ட்டிஷன் 63 ஆவது செக்டரில் (செக்டர் என்பது டிஸ்க்கின் 512 பைட் துண்டு), அதாவது 32,256 பைட்டில் தொடங்கும். விஸ்டாவிலிருந்து 1,048,576 பைட்டில், சரியாக 1 எம்பியில் தொடங்குகிறது. இன்றைய டிஸ்க்குகள் 4,096 பைட் கட்டங்களாக வேலை செய்வதால், தொடக்கம் அந்த எல்லையில் விழாவிட்டால் ஒவ்வொரு சின்ன எழுத்துக்கும் இரண்டு கட்டங்களைத் தொட வேண்டி வரும். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் கொம்போனன்ட்ஸ், ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் என்று போனால் பார்ட்டிஷன் ஸ்டார்ட்டிங் ஓஃப்செட் என்று எண் இருக்கும். அதை 4,096 ஆல் வகுங்கள். மீதி வந்தால், 1 எம்பி எல்லையில் ஒழுங்குபடுத்தும் தெரிவோடு மறுபடி குளோன் செய்வதுதான் சுத்தமான வழி.

நான்காவது, பழைய டிஸ்க்கின் நோய். ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லொக்ஸ், சிஸ்டம் என்று திறந்து, டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153, ஸ்டோர்ஏஎச்சிஐ என்ற பெயரில் 129, என்டிஎஃப்எஸ் என்ற பெயரில் 55 ஆகிய எண்கள் வருகின்றனவா என்று பாருங்கள். 7 என்றால் வாசிக்க முடியாத இடம். 153, 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லத் தாமதித்தது. இது கேபிளாகவும் இருக்கலாம். 55 என்றால் கோப்பு முறைமை சிதைந்திருக்கிறது. 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போனதே, யூபிஎஸ் இல்லாமல் அந்தக் காலத்தைக் கடந்த டெஸ்க்டொப்களில் இந்தச் சிதைவு இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். சி டிரைவில் ரைட் கிளிக், புரொபர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று போய்ப் பழுது நீக்கலாம். இதைப் புது டிஸ்க்கில் மட்டும் செய்யுங்கள். செத்துக்கொண்டிருக்கும் பழைய டிஸ்க்கில், கோப்புகளை வெளியே எடுக்குமுன் இந்த வேலையைத் தொடங்கினால் மிச்சமும் போய்விடக்கூடும்.

"முதல் இரண்டு நாள் மந்தம்" அல்லது "பெரிய கோப்பு எழுதும்போது மட்டும் படுத்துவிடுகிறது"

குளோன் முடிந்த கையோடு விண்டோஸ் தன் தேடல் அட்டவணையைச் சரிபார்க்கலாம், அன்டிவைரஸ் முழு டிஸ்க்கையும் புதிதாகச் சோதிக்கலாம், ஒன்டிரைவ் எல்லாக் கோப்புகளையும் ஒப்பிடலாம். கொம்பியூட்டரை ஓனில் விட்டுவிட்டு ஓர் இரவு பொறுங்கள்.

எஸ்எஸ்டிக்குள்ளும் ஒரு வேலை நடக்கும். விலை குறைந்த டிஸ்க்குகள் ஒரு பகுதியை மட்டும் வேகமான தற்காலிக இடமாக வைத்து, முதலில் அதில் எழுதி, ஓய்வு கிடைக்கும்போது நிரந்தர இடத்துக்கு மாற்றும். குளோன் செய்யும்போது நூற்றுக்கணக்கான ஜிபி ஒரே மூச்சில் எழுதப்படுவதால் அந்த இடம் நிரம்பி நிற்கும். கியூஎல்சி என்ற விலை குறைந்த வகை டிஸ்க்குகளில் அது நிரம்பினால் எழுதும் வேகம் விநாடிக்கு 100 எம்பிக்குக் கீழே இறங்குவதும் உண்டு. நல்ல ஹார்ட் டிஸ்க்கே அதைவிட வேகமாக எழுதும். ஓய்வு கொடுத்தால் திரும்ப வரும். ஆனால் தினமும் பெரிய வீடியோக்களை எழுதும் கலியாண வீடியோக்காரருக்கு இந்த வகை டிஸ்க் பொருந்தாது. அதைவிட வேகமாக எழுதும் டிஎல்சி வகையைக் கேட்டு வாங்குங்கள்.

செக்டர் செக்டராகக் குளோன் செய்திருந்தால் இன்னொரு சிக்கல். வெற்று இடங்களும் எழுதப்பட்டிருப்பதால், தான் முழுதாக நிரம்பிவிட்டதாக எஸ்எஸ்டி நினைத்துக்கொள்ளும். டீஃப்ராக்மன்ட் அன்ட் ஒப்டிமைஸ் டிரைவ்ஸ் என்பதைத் திறந்து மீடியா டைப் என்ற நிரலைப் பாருங்கள். சொலிட் ஸ்டேட் டிரைவ் என்று இருந்தால் ஒப்டிமைஸை ஒரு முறை அழுத்துங்கள். எந்த இடம் வெறுமை என்பதை விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்லிவிடும். ஹார்ட் டிஸ்க் டிரைவ் என்றே காட்டினால் விண்டோஸ் ஆளை அடையாளம் காணவில்லை. அந்த நிலையில் ஒப்டிமைஸ் செய்தால் டீஃப்ராக்தான் ஓடும், எஸ்எஸ்டிக்கு அது வீண் தேய்மானம். அட்மினிஸ்ட்ரேட்டர் கமான்ட் புரொம்ப்டில் வின்சாட் ஃபோர்மல் என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் கொடுத்து, அளவீடு முடியும்வரை விட்டு, திரும்பப் பாருங்கள்.

"போல்டரைத் திறந்தால் சில விநாடி உறைகிறது, பிறகு சரியாகிவிடுகிறது"

பழைய ஹார்ட் டிஸ்க்கை இரண்டாவது டிஸ்க்காக வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் அது தூங்கி எழும் நேரம்தான் இது. பவர் ஒப்ஷன்ஸில் டேர்ன் ஓஃப் ஹார்ட் டிஸ்க் ஆஃப்டர் என்பது வழக்கமாக 20 நிமிடம். அதற்குப் பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரர் அந்த டிஸ்க்கைத் தொட்டால் தட்டு சுற்றத் தொடங்கும்வரை எல்லாம் காத்திருக்கும். காதை வைத்துக் கேட்டால் சுற்றத் தொடங்கும் சத்தம்கூடக் கேட்கும். அந்த நேரத்தைக் கூட்டுங்கள். பேஜ் ஃபைலோ (மெமரி போதாதபோது விண்டோஸ் பாவிக்கும் கோப்பு), டெஸ்க்டொப், டொக்யுமன்ட்ஸ் போல்டர்களோ பழைய டிஸ்க்கில் இருந்தால் அவற்றை சி டிரைவுக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது டிஸ்க் இல்லை என்றால், இப்போது இல்லாத ஒரு டிரைவையோ அலுவலக நெட்வேர்க் போல்டரையோ விண்டோஸ் தேடிக்கொண்டிருக்கலாம். குளோனுக்குப் பிறகு டி டிரைவ் ஈ ஆக மாறுவது சாதாரணம். எழுத்தை டிஸ்க் மேனேஜ்மன்டில் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

"பெரிய டிஸ்க் வாங்கினேன், ஆனால் சி டிரைவ் இன்னும் சிவப்பு"

500 ஜிபியை 1 டிபிக்குக் குளோன் செய்தால் பல நேரங்களில் பார்ட்டிஷன் அதே 500 இல் நிற்கும், மிச்சம் பங்கிடப்படாமல் கிடக்கும். நிரம்பிய சி டிரைவில் விண்டோஸ் மூச்சு வாங்கும். டிஸ்க் மேனேஜ்மன்டில் எக்ஸ்டென்ட் வொலியூம் மங்கலாக இருந்தால் நடுவில் ரிகவரி பார்ட்டிஷன் குறுக்கே நிற்கிறது. ஜிபார்ட்டட் போன்ற கருவியால் அதைக் கடைசிக்கு நகர்த்திவிட்டு விரிக்க வேண்டும். பேக்கப் எடுத்துவிட்டு, லெப்டொப் என்றால் சார்ஜரில், டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். நடுவில் கரண்ட் போகக் கூடாது.

"காலையில் நல்லது, மத்தியானத்தில் மந்தம்"

கொழும்பில் பகல் 30 பாகை சாதாரணம். ஏசி இல்லாத அறையில், மெத்தையில் வைத்துப் பாவிக்கும் லெப்டொப்பில் என்விஎம்இ டிஸ்க் (சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி வகை) எளிதில் சூடேறும். சூடு எல்லை தாண்டினால் டிஸ்க் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் வெப்பநிலை பெரிதாகவே தெரியும். வேலை நடக்கும்போது 70 ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். டெஸ்க்டொப்பில் ஒரு ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) போதும். லெப்டொப்பில் விசிறியின் தூசியைத் துடைத்து, டிஸ்க்குக்கும் மூடிக்கும் இடையில் தேர்மல் பேட் வைக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்சிங்க்கின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பவர்கள் பலர்.

"எஸ்எஸ்டி இல்லை, பெரிய ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் மாற்றினேன்"

அது எஸ்எம்ஆர் என்ற ஹார்ட் டிஸ்க் வகையா என்று மொடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். இந்த வகையில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படிந்திருக்கும். ஒரு தடத்தைத் திருத்த அடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். பேக்கப் வைக்க நல்லது. விண்டோஸ் ஓட்ட உகந்ததில்லை, செட்டிங்கால் இதைச் சரிசெய்யவும் முடியாது.

"எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் மந்தம்"

சேஃப் மோடில் ஓன் செய்து பாருங்கள். அங்கே வேகமாக இருந்தால் பழுது மென்பொருளில்: டிரைவர், அன்டிவைரஸ், அல்லது வேறொரு கொம்பியூட்டரிலிருந்து குளோன் செய்த விண்டோஸ். அங்கேயும் மந்தம் என்றால் ஹார்ட்வெயர் பக்கம் திரும்புங்கள்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 வீதத்தில் நிற்கிறதா? 4 ஜிபி ராமோடு குரோமில் பத்து டேப் திறந்தால் எந்த எஸ்எஸ்டியும் கைகொடுக்காது. அந்த நிலையில் காசை ராமுக்குச் செலவழிப்பதுதான் புத்தி.

ஈவன்ட் வியூவரில் 55 தொடர்ந்து வந்தாலோ, பழைய டிஸ்க்கில் வாசிக்க முடியாத இடங்கள் இருந்ததாலேயே அதை மாற்றினீர்கள் என்றாலோ, குளோனைக் கைவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். சிதைந்த கோப்புகள் எவை என்று தேடி நாள்களைக் கழிப்பதைவிட அது விரைவு. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதால், புதிதாகத்தான் போடப் போகிறீர்கள் என்றால் உங்கள் கொம்பியூட்டர் 11 ஐத் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

டிஸ்க்கில்தான் பழுது என்று உறுதியானால் கடைக்குப் போகும்போது பில்லையும் வொரன்டி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ திரையையும், வேகத்தை அளக்கும் கிரிஸ்டல் டிஸ்க் மார்க் என்ற மென்பொருளின் அளவீட்டையும் படம் எடுத்து வையுங்கள். சாட்டா எஸ்எஸ்டி ஒன்று தொடர் வாசிப்பில் விநாடிக்கு 500 எம்பியை ஒட்டியும், 4 கே ஒற்றை வரிசை வாசிப்பில் (சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாக வாசிக்கும் சோதனை) 20 முதல் 40 எம்பி வரையும் காட்ட வேண்டும். ஹார்ட் டிஸ்க் அந்த இரண்டாவது சோதனையில் 1 எம்பியைக்கூட எட்டாது. "மந்தம்" என்று மட்டும் சொன்னால் கடையில் போட்டுப் பார்த்துவிட்டு "ஓடுதே" என்று திருப்பித் தருவார்கள். எண்களைக் காட்டினால் பேச்சு வேறு. டிஸ்க்கைக் கையளிக்குமுன் உங்கள் கோப்புகளை அதிலிருந்து அழித்துவிடுங்கள். அடையாள அட்டைப் பிரதியும் வங்கிக் கணக்கும் அதில்தான் இருக்கும்.